துர்காதேவியைப் பார்க்க வருகிறார்கள்

“ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணைப் பார்க்க வர்றாங்கம்மா” என்றார் கேசவன்.

மறுமுனையில் பூவாயியின் குரல் எழுந்தது. ஒரு கைப்பேசிக்கு அவ்வளவு குரல் தேவையில்லை. ஒரு தெருவுக்கு அது போதும்.

“பொண்ணப் பாக்க வராங்களா! யாரு சார்?”

“யூனிவர்சிட்டியிலேர்ந்து.”

“யூனிவர்சிட்டியா! பெரிய எடமாச்சே!”

“ரொம்பப் பெரிய இடம். அவருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா அங்கேயே முடிவு சொல்லிடுவார். அப்புறம் துணிமணி, சாப்பாடு, தங்குற இடம், எல்லாம் அவங்க பொறுப்பு.”

“நாங்க ஒண்ணுமே செய்ய வாணாமா! மேட்சு நல்ல மேட்சா சார்?”

“பிரமாதமான மேட்ச்!”

“அப்ப எங்களுக்கு சம்மதம் சார்!”

கேசவன் கைப்பேசியை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு எளிதில் கோட்டை விழும் என்று அவர் எண்ணவில்லை. கோட்டை எளிதில் விழுந்தால் படைத்தலைவன் அஞ்சவேண்டும்; ஆனால் அவரோ தேநீர் வரவழைத்துக் குடித்தார்.

செங்கல்பட்டில், கொளவாய் ஏரியை ஒட்டிய மகளிர் கல்லூரி ஒன்றில் அவர் உடற்கல்வி இயக்குநர். சென்ற ஆண்டு மாவட்டத்தையே மிரட்டிய கால்பந்து அணி அவருடையது. இந்த ஆண்டு அந்த அணியில் எஞ்சியவை வலையும் விசிலும்தாம். பாதிப் பேர் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் தாலி வாங்கிக்கொண்டு போனார்கள். பட்டம் வாங்கியவர்கள் எப்போதாவது மைதானத்துப் பக்கம் வந்து நின்றார்கள். தாலி வாங்கியவர்கள் வரவேயில்லை.

கல்லூரி நிர்வாகத்துக்குப் பேருந்துகள் நிறுத்த அந்த மைதானம் வேண்டியிருந்தது. “இந்த வருஷம் ஒரு பொண்ணாவது யூனிவர்சிட்டி டீமுக்குப் போனா அங்க டீம் நிக்கும். இல்லேன்னா பஸ் நிக்கும்” என்று முதல்வர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

பல்கலைக்கழகத் தேர்வாளரான ஆபிரகாம், “கோல் அடிக்கிறவங்க பேரெல்லாம் எங்கிட்ட இருக்கு கேசவன். யாரும் கவனிக்காத ஆளுங்க இருந்தா சொல்லுங்க, வந்து பாக்கறேன்” என்று கேட்டிருந்தார். கேசவன், இந்த ஆண்டு புதிதாகச் சேர்த்த அணியிலிருந்து மூன்று பெயர்களைச் சொன்னார்.

சதுரங்கப்பட்டினத்துப் பிரபா, கோல்கீப்பர். கடற்காற்றில் வளர்ந்தவள், பந்து புறப்படும் முன்பே அது எங்கே வளையும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். கேளம்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த சுஷ்மிதா, நடுவரிசை. அடுத்தவள் காலடியில் பந்தைப் பரிசுபோல் வைத்துவிட்டு, கைதட்டல் எழும்போது ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பாள். மூன்றாமவள் துர்காதேவி, தடுப்பு வரிசை.

கோல் போட்டவளை உலகம் தோளில் தூக்குகிறது. கோல் விழாமல் காத்தவளை? அவள் காத்தாள் என்பதே உலகத்துக்குத் தெரிவதில்லை! இடியாத சுவரை எவன் புகழ்ந்தான்? எரியாத வீட்டுக்கு எவன் குடத்தோடு ஓடினான்? துர்காதேவி ஆடுகிற பக்கம் பந்து வருவதே குறைவு. அங்கே போவதில் பயனில்லை என்று எதிரணியினர் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்வார்கள். ஆகவே, அவள் சும்மா நிற்கிறாள் என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள்.

அவளைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள், அவளைப் பெற்ற சுப்பிரமணி. திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் சொந்தமாக வேன் ஓட்டுபவர். “பந்து காலேஜ் காம்பவுண்டுக்குள்ள உருளட்டும். கேட்டத் தாண்டிச்சின்னா அன்னிக்கே படிப்பும் உருண்டுரும்” என்று சென்ற ஆண்டே சட்டம் இயற்றியிருந்தார். நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது. சுப்பிரமணி வீட்டில் பந்தென்றால் வெந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமோ மாமல்லபுரத்தில். அதனால்தான் கேசவன் தாயிடம் பேசினார். பேச்சில் பந்தென்ற சொல்லையும் கவனமாகத் தவிர்த்தார். பார்க்க ஆள் வருவது தெரிந்தால் கால் கூசும் என்று அந்த மூன்று பெண்களிடமும் அவர் சொல்லவில்லை.

மறுநாள் துர்காதேவி, அழுது சிவந்த கண்களோடு வந்து நின்றாள்.

“சார், ஞாயித்துக்கெழம மேட்சுக்கு நான் வர முடியாது.”

“ஏம்மா?”

“என்னப் பொண்ணு பாக்க வராங்களாம். நாளையிலேர்ந்து காலேஜும் கெடையாதாம். வெயில்ல கறுத்துப் பூடுவேனாம்.”

கேசவனின் குருதி கொதித்தது. ஆண்டில் எத்தனை ஞாயிறு! அத்தனையையும் விட்டுவிட்டு அந்த ஞாயிற்றைப் பிடித்த மணமகன் எவன்? படிக்கிற பெண்ணை, பந்தாடுகிற பெண்ணை, பட்டுச் சுற்றிப் பலகாரத்தட்டோடு நிறுத்தத் துணிந்த தரகன் எவன்? அவன் மட்டும் கையில் கிடைத்தால்!

“அழாத. நானே உங்க வீட்டுக்கு வரேன். அந்தத் தரகன் யாருன்னு பார்த்துடறேன்” என்றார்.

அன்று மாலையே போனார். இருசக்கர வண்டியில் போகும்போதே பெண்ணுரிமை பற்றி ஒரு சொற்பொழிவை ஆயத்தம் செய்துகொண்டார். சுப்பிரமணி வீட்டுச் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடிக்கப்பட்டிருந்தது. சுண்ணாம்பு படிந்த இரு கைகளையும் கூப்பியபடி சுப்பிரமணியே வாசலுக்கு ஓடிவந்தார்.

“வாங்க சார், வாங்க! எடம் சொன்ன மகராசன் நீங்க, வாசல்ல நின்னுகினு கீறீங்களே!”

“எந்த இடம்?”

“அதான் சார், யூனிவர்சிட்டி எடம்!”

கேசவன் உதைத்த பந்து, கேசவனின் கோலுக்குள்ளேயே விழுந்திருந்தது. அவர் தேடிவந்த தரகன் அவர்தான்.

உள்ளே நாற்காலியில், பூவாயியின் அண்ணன் எல்லப்பன் அமர்ந்திருந்தார். தாய்மாமன் என்கிற பதவிக்குரிய அத்தனை மிடுக்கும் அவர் மீசையில் இருந்தது.

“வர்ற ஆளு இன்னா வேல பாக்கறாரு சார்?”

“செலக்டர்” என்று கேசவனின் வாய் உண்மையை உளறிவிட்டது.

“கலெக்டரா!”

“கலெக்டர் இல்லீங்க. செலக்டர்.”

“இன்னாமோ ஒரு டரு. அப்டி முடிஞ்சாலே கவர்மெண்டு உத்தியோகந்தான் மச்சான்!” என்று எல்லப்பன் சுப்பிரமணியின் தொடையில் தட்டினார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று கேசவன் துணிந்தார். “அண்ணே, நான் போன்ல சொன்னது என்னன்னா...”

“டீ ஆறிப்போவுது சார்” என்றாள் பூவாயி.

“குடிக்கறேம்மா. அண்ணே, அது கல்யாண விஷயமே...”

“முறுக்கு எடுத்துக்கோங்க சார். எடுத்துக்கோங்க, கல்யாண வூடு மாதிரி நெனச்சிக்கோங்க.”

விருந்தினர் வாய் திறக்கும்போதெல்லாம் எதையாவது கொண்டுவந்து திணிக்கும் அந்த வெள்ளந்தியான தாயைக் கேசவனால் கடிந்துகொள்ளவும் முடியவில்லை. வாயில் முறுக்கு உள்ள மனிதனால் உண்மை பேச இயலாது. முறுக்கு அப்படிப்பட்ட பண்டம். மென்று முடித்து நிமிர்ந்தபோது சுப்பிரமணியின் முகம் கண்ணில் பட்டது. இரண்டு நாளாகச் சவாரியை விட்டுவிட்டு வெள்ளை அடித்த முகம். ஊர் முழுவதும் சொல்லிவிட்டு வந்த முகம். இப்போது போட்டு உடைத்தால் மைத்துனன் முன்னிலையில் அந்த மனிதர் குன்றிப்போவார். குன்றியவர், துர்காவின் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் நிமிர்வார்.

அப்போதும் பூவாயியே பேசினாள்: “நம்ப வூடு சின்னது சார். பெரிய எடத்து ஆளுங்க வந்தா ஒக்கார எடமில்ல. மாமல்லபுரம் பக்கம் எங்கனா வெளிய வெச்சிக்கலாமான்னு கேளுங்க. இப்பல்லாம் கோயில்ல, ஓட்டல்லன்னு வெச்சிக்கறாங்களே.”

கேசவனுக்குக் காது குளிர்ந்தது. “மாமல்லபுரத்துல கடற்கரை ஓரமா ஒரு மைதானம் இருக்கும்மா!”

“மைதானமா?” என்றார் சுப்பிரமணி.

“காத்தோட்டமா இருக்கும் அண்ணே.”

எல்லப்பன் அனுபவசாலி. “மைதானம் இன்னாத்துக்குன்னு எனக்குப் புரியுது. நடந்து காட்டச் சொல்லுவாங்க. கால்ல கோளாறு கீதான்னு பாக்கறது.”

“நடக்க மட்டுமில்ல, கொஞ்சம் ஓடியும் காட்டச் சொல்வாங்க” என்றார் கேசவன்.

“ஓடவா?”

“பெரிய இடம் இல்லீங்களா. தீரப் பார்ப்பாங்க.”

“ஞாயந்தான்” என்றார் எல்லப்பன்.

சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்கள். பெண் பார்க்கும் கூடத்தில் சிரிக்கவைத்துப் பல்லைப் பார்க்கிறார்கள். நட, பாடு, கூந்தலைக் காட்டு, குனிந்து வணங்கு என்ற கொடுமை எத்தனை தலைமுறையாய்ப் பழகிப்போயிருந்தால், ஓட்டம் ஒன்று கூடுதலானது அவருக்கு நியாயமாகவே தோன்றியிருக்கும்!

துர்காதேவி இரண்டாவது தேநீரைக் கொண்டுவந்து நீட்டினாள். தலை குனிந்திருந்தது. டம்ளரை வாங்கும்போது கேசவன் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார்: “மாப்பிள்ளை இல்ல. மேட்சுதான். பூட்ஸ் எடுத்துட்டு வா.”

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள்.

“வெக்கம்” என்றார் சுப்பிரமணி பெருமையோடு.

அணுபுரத்தில் இருந்த தம் வீட்டுக்குத் திரும்பியதும் கேசவன் ஆபிரகாமை அழைத்தார். “சார், ஞாயித்துக்கிழமை ஒரு பொண்ணோட வீட்டுக்காரங்களும் வர்றாங்க. கொஞ்சம் கட்டுப்பெட்டியான குடும்பம். டிராக் சூட்ல விசிலோட வந்து நின்னீங்கன்னா மிரண்டுடுவாங்க. கொஞ்சம் மரியாதைப்பட்ட மாதிரி வாங்க சார்.”

“புரியுது. எங்க வீட்டம்மாவையும் அழைச்சிட்டு வரேன். ஒரு பொம்பளை கூட இருந்தா பெத்தவங்களுக்குத் தைரியம் வரும்” என்றார் அந்த நல்ல மனிதர்.

கேசவன் இவ்வாறு கடைசி ஓட்டையையும் அடைத்துவிட்டு உறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சவுக்குத் தோப்பைத் தாண்டி வந்த கடற்காற்று, மைதானத்துச் சுண்ணாம்புக் கோடுகளை விளையாட்டாக அழித்துக்கொண்டிருந்தது. சுப்பிரமணியின் வேன் வந்து நின்றது. அத்தைமார், சித்திமார், பங்காளிகள், பழத்தட்டு, வெற்றிலைத்தட்டு, குங்குமச்சிமிழ் என்று வேன் கக்கிக்கொண்டே இருந்தது. இறுதியில் மாம்பழ நிறப் பட்டுச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாகத் துர்காதேவி இறங்கினாள். பிரபாவும் சுஷ்மிதாவும் அவளைப் பார்த்துவிட்டுப் பந்தை விட்டார்கள். பந்து தானாக உருண்டு சவுக்குத் தோப்புக்குள் போயிற்று.

பின்னாலேயே ஒரு கார் வந்தது. சரிகைக் கரை வேட்டியில் ஆபிரகாம் இறங்கினார். பட்டுச் சேலையில் அவர் மனைவி சம்பூர்ணம் இறங்கினார். ஆட்டக்காரர்களுக்காக வாங்கிய ஆப்பிள்கள் ஒரு பை நிறைய அவர் கையில் இருந்தன. சம்பந்தி என்ற சொல்லுக்குப் படம் போடச் சொன்னால் ஓவியன் இவர்களைத்தான் வரைவான்.

எல்லப்பன் ஓடிப்போய்ச் சால்வை போர்த்தினார். “ஐயா பேரு?”

“ஆபிரகாம்.”

எல்லப்பன் சுப்பிரமணியின் காதில் கிசுகிசுத்தார்: “மச்சான், வேற சாமி கும்புடற ஆளுங்க போலகீது.”

சுப்பிரமணி, சம்பூர்ணத்தின் கையிலிருந்த ஆப்பிள் பையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “சாமி ஆளுக்கொண்ணு இருந்துட்டுப் போவட்டும். மனுசங்க நல்லவங்களா கீறாங்களே.”

ஐம்பது மேடைகளில் முழங்கியும் ஏற்றமுடியாத ஒரு கொள்கை, ஒரு பை ஆப்பிளில் ஏறிவிட்டது.

“பொண்ணப் பாத்தீங்களா ஐயா?” என்று சுப்பிரமணி பணிவோடு கேட்டார்.

“எங்கங்க? இன்னும் ஆடவே இல்லையே. ஆடினாத்தான் தெரியும்.”

“ஆடணுமா!” என்று எல்லப்பன் வாயைப் பிளந்தார். “பாடச் சொல்ற எடம் பாத்துகீறேன். ஆடச் சொல்ற எடம் இப்பத்தான் பாக்கறேன்!”

“பாட்டெல்லாம் வேணாங்க. நான் கால் எப்படிப் போவுதுன்னு மட்டும் பாப்பேன்” என்றார் ஆபிரகாம்.

விசில் ஒலித்தது. துர்காவைக் காணவில்லை. “சேலைல ஏதோ கறை, தொடைச்சிகினு வரேன்னு அம்மாவோட போச்சி” என்றாள் ஓர் அத்தை. மறுகணம், சிவப்பு ஜெர்சியும் பூட்ஸும் தலையில் மல்லிகையுமாக ஓர் உருவம் மைதானத்துக்குள் பாய்ந்தது.

சுப்பிரமணி நாற்காலி கவிழ எழுந்தார். “அடியே! அது நம்ப பொண்ணில்ல?”

அந்தப் பக்கமாகத் திரும்பி வந்த பூவாயி, அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். “ஒக்காருய்யா. பெரிய எடத்து ஆளுங்க பாத்துகினு கீறாங்க. சத்தம் போட்டா மானம் பூடும்.”

மானத்துக்கு அஞ்சி அவர் அமர்ந்தார். அமர்ந்த மனிதருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆகவே பார்த்தார்.

தம் மகளை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. ஒரே கூரையின் கீழ் வளர்த்தார், உணவிட்டார், படிக்கவைத்தார், பார்க்கவில்லை. வீட்டில் அடுப்பங்கரையைத் தாண்டாத அவள் குரல், இங்கே மைதானத்தின் நான்கு மூலைக்கும் போயிற்று. “பிரபா, ரைட்டுல வரா! சுஷ்மி, அவள வுடாத! முன்னாடி போ, முன்னாடி போ!” என்று அவள் ஆணையிட்டாள், பத்துப் பேர் அவள் சொற்படி நகர்ந்தார்கள்.

“இவ இப்டிக் கத்துவாளா?”

“ஒன் கொரலுதான்” என்றாள் பூவாயி.

எதிரணியின் நெட்டைக்காரி ஒருத்தி பந்தோடு வந்தாள். துர்கா பந்தை எடுத்துக்கொண்டாள். மறுபடி வந்தாள், மறுபடி எடுத்துக்கொண்டாள். சுப்பிரமணியின் நாற்காலி கோட்டருகே நகர்ந்துவிட்டிருந்தது. அதை அவரே அறியவில்லை. ஆட்டம் முடிய இருந்த வேளையில் நெட்டைக்காரி எப்படியோ பிரபாவையும் ஏமாற்றிப் பந்தைத் தட்டிவிட்டாள். ஆளில்லாத கோலை நோக்கிப் பந்து உருண்டது. எங்கிருந்தோ ஓடிவந்த துர்கா, தரையோடு தரையாகச் சறுக்கி விழுந்தாள்.

“எட்டி ஒதடி எம்பொண்ணே!” என்று ஒரு குரல் கடலலையை அடக்கிற்று. அது சுப்பிரமணியின் குரல்.

கோட்டின் மேல் வைத்து அவள் உதைத்த பந்து, சவுக்குத் தோப்புக்கு மேலே போயிற்று. மல்லிகை மைதானமெங்கும் சிதறிற்று. கோலின்றி முடிந்த ஆட்டம். செய்தித்தாளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆபிரகாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகச் சுப்பிரமணியிடம் வந்தார்.

“எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இனி பேச்சே இல்ல. பொண்ணை எங்களோட அனுப்பி வைங்க.”

அத்தைமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லப்பன் வெற்றிலைத்தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “அப்ப நல்ல நேரத்துலயே தட்ட மாத்திக்கலாம்!”

ஒன்றும் புரியாத ஆபிரகாம், நல்ல மனிதருக்குரிய பண்போடு தட்டுக்குக் கை நீட்டினார். கைக்கும் தட்டுக்கும் இடையே கேசவன் பாய்ந்தார்.

“அண்ணே, மன்னிச்சிடுங்க! மாப்பிள்ளையே கிடையாது! இவர் யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீமுக்கு ஆள் எடுக்க வந்தவர். பொண்ணைப் பார்க்க வர்றாங்கன்னு சொன்னது நான்தான். ஆட்டத்தைப் பார்க்கன்னு சொல்லத் தெரியாத முட்டாள் நான்!”

சுற்றம் முழுவதும் சுப்பிரமணியைப் பார்த்தது.

“அப்ப மாப்ள எங்க மச்சான்?” என்றார் எல்லப்பன், தட்டை ஏந்தியபடி.

சுப்பிரமணி, மண்ணும் சிராய்ப்புமாக நின்ற மகளிடம் நடந்துபோனார். தோளில் இருந்த துண்டால் அவள் முழங்காலைத் துடைத்தார்.

“வலிக்குதா?”

“இல்லப்பா.”

“அந்த நெட்டச்சி எடது பக்கந்தான் திரும்பறா. அடுத்த தபா கொஞ்சம் முன்னாடியே மடக்கு.”

பிறகு எல்லப்பனிடமிருந்து தட்டை வாங்கி ஆபிரகாமின் கைகளில் வைத்தார். “எங்கூட்டுக்கு மாப்ள வரல மச்சான். எங்கூட்டுப் பொண்ணு வெளையாடப் போறா. வாங்கிக்கோ சார். கொண்டாந்த தட்டத் திருப்பி எடுத்துகினு போற வழக்கம் எங்க பக்கம் கெடையாது.”

பேருந்துகள் நிற்க வேறு இடம் தேடிக்கொள்ள வேண்டியதுதான். கேசவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுப்பிரமணி ஆபிரகாமோடு விடுதி, சாப்பாடு, பஸ் வசதி பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, வேனில் பழத்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பூவாயியிடம் போய்க் கேசவன் கைகூப்பினார்.

“என் நாக்குக் கோளாறால உங்களையும் குழப்பிட்டேம்மா. நீங்க பாவம், வெள்ளந்தியா நம்பிட்டீங்க.”

பூவாயி, புருஷன் தொலைவில் நிற்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு, அவர் அதுவரை கேட்டேயிராத தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“பந்தாட்டந்தான்னு எனக்கு அப்பவே தெரியும் சார், அத வூட்ல சொல்லிருந்தா இந்த வேனு எங்க தெருவையாவது தாண்டிருக்குமா?”